மத்தளம் போல் ஒலிக்கும் வயிறு

மாணவர்களே, செரிமான மண்டலப் பாடத்தில் பெரிஸ்டால்சிஸ் பற்றிப் படித்திருப்பீர்கள். குடல் தசை சுருங்கியும் தளர்ந்தும் உணவை முன்னே தள்ளும். எப்போது தளர வேண்டும் என்று அந்தத் தசைக்குச் சொல்வது யார்? குடல் சுவருக்குள்ளேயே இருக்கும் நரம்பணுக்கள்தாம். தாயின் வயிற்றில் கரு வளரும்போது இவை மேலிருந்து கீழாகக் குடல் நெடுகப் பயணம் செய்து, ஏறக்குறைய 12 வாரத்தில் ஆசனவாய்ப் பக்கம் வந்து சேரும். சுமார் 5000 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தப் பயணம் முன்னதாகவே நின்றுவிடுகிறது. நரம்பணு இல்லாத கடைசிப் பகுதி தளராமல் இறுகிக் கிடக்கும். இதுவே ஹிர்ஷ்ஸ்பிரங் நோய். ஆண் குழந்தைகளிடம் அதிகம்.

பிறந்த குழந்தையின் முதல் மலம் கரும்பச்சையாக, தார்போல ஒட்டும். மாதம் நிறைந்து பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோர் 24 மணி நேரத்துக்குள் அதைக் கழித்துவிடுவார்கள். 48 மணி நேரம் கடந்தும் வரவில்லை, வயிறு உப்புகிறது, பச்சை நிறத்தில் வாந்தி வருகிறது என்றால் மருத்துவருக்குச் சந்தேகம் வரும்.

அவர் முதலில் வயிற்றைப் பார்ப்பார். பிறகு ஒரு விரலை அதன்மேல் வைத்து, மறு கை விரலால் தட்டுவார். உள்ளே காற்று நிறைந்திருந்தால் மத்தளம் போல ஒலிக்கும். நீரோ திடப்பொருளோ இருந்தால் ஓசை மந்தமாகும். (பசார் மாலாமில் தர்பூசணியைத் தட்டிப் பார்ப்பவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல.) அடுத்து, கையுறை அணிந்து, வழுவழுப்பான களிம்பு தடவிய சுண்டு விரலை ஆசனவாய்க்குள் மெதுவாக நுழைப்பார். வகுப்பில் இதைச் சொன்னால் யாராவது சிரிப்பார்கள். ஆனால் முக்கியத் துப்பு இங்கேதான் கிடைக்கிறது. மேலே வயிறு உப்பியிருக்க, விரல் படும் இடமோ இறுக்கமாக, காலியாக இருக்கும். விரலை எடுத்ததும் காற்றும் மலமும் பீறிட்டு வரும், வயிறு தணியும். பிறகு மறுபடி உப்பும்.

டென்மார்க் மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்பிரங் 1886இல் இந்நோயால் இறந்த இரு குழந்தைகளைப் பற்றிப் பெர்லினில் விவரித்தார். அவர் கண்டது பெருத்துப்போன குடலை. நோய் அங்கேதான் என்று பல காலம் நம்பினார்கள். உண்மையில் பெருத்த பகுதி நலமானது; அடைப்பை எதிர்த்துத் தள்ளித் தள்ளியே வீங்கியது. குறை, பார்வைக்குச் சாதுவாக இருக்கும் குறுகிய பகுதியில்! அதை வெட்டி நீக்கும் அறுவையை ஓர்வர் சுவென்சன் 1948இல் வெளியிட்டார்.

சிகாமாட்டிலோ மெர்சிங்கிலோ பிள்ளை பெற்ற வீட்டுக்கு வரும் தாதி, "பிள்ளை முதலில் எப்போது வெளிக்குப் போனது?" என்று கேட்டால், அது உபசார விசாரிப்பு அல்ல. "காற்றுதான், வசம்பு உரைத்துக் கொடுத்தால் சரியாகும்" என்று பாட்டி சொல்லக்கூடும். நாள் கடந்து, தேங்கிய குடலில் கிருமி பெருகினால் காய்ச்சலும் நாற்றமடிக்கும் வயிற்றுப்போக்கும் வரும், உயிரே போகலாம்.

சந்தேகம் வலுத்தால், ஜொகூர் பாரு சுல்தானா அமீனா மருத்துவமனை போன்ற, குழந்தை அறுவை நிபுணர்கள் உள்ள இடத்துக்கு அனுப்புவார்கள். அங்கே மலக்குடலின் உட்சுவரிலிருந்து சிறு துணுக்கை எடுத்து, நுண்ணோக்கியில் வைத்து நரம்பணுக்களைத் தேடுவார்கள்.