மாடி ஏறிய ஒலிம்பஸ்

கிரேக்க தேசத்துத் தேவர்களுக்கு மறுபடியும் யோக காலம் பிறந்திருக்கிறது. கோயிலும் பூஜையும் இழந்து, பதினைந்து நூற்றாண்டுகளாகச் சிலைகளிலும் கல்லூரிப் புத்தகங்களிலும் ஒதுங்கிக் கிடந்த ஜீயஸும் பொஸைடனும் அதீனாவும், இப்போது ஆங்கிலத்தில் இளம் பிராயத்தினருக்கென்று எழுதப்படும் நாவல்களில் வந்து குடியேறியிருக்கிறார்கள்.

இந்தக் குடியேற்றத்துக்குப் பெரிதும் காரணமானவர் ரிக் ரியார்டன் என்னும் அமெரிக்கர். 2005-ம் வருஷத்தில் வெளியான அவருடைய ‘தி லைட்னிங் தீஃப்’ என்ற நாவலின் கதாநாயகன் பெர்ஸி ஜாக்ஸன், பன்னிரண்டு வயதுச் சிறுவன். கடல் தேவனான பொஸைடனுக்கும், நியூயார்க்கில் மிட்டாய்க் கடையில் வேலை பார்க்கும் ஒரு மானிட ஸ்திரீக்கும் பிறந்தவன். ஒலிம்பஸ் இக்கதையில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 600-வது மாடியில் இருக்கிறது. அக்கட்டடத்துக்கு உள்ளபடி 102 மாடிகள்தான் என்பதை நேயர்கள் பொருட்படுத்த வேண்டாம்! யுத்த தேவன் ஏரிஸ் மோட்டார் சைக்கிளில் வருகிறான். மதுவின் அதிபதியான டயோனிஸஸோ, மதுவைத் தொடக்கூடாதென்ற தண்டனைக்கு ஆளாகி, ‘டயட் கோக்’ குடித்துக் கொண்டு காலந் தள்ளுகிறான்.

ரியார்டன் பல வருஷங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் சரித்திரமும் போதித்தவர். அவருடைய மகனுக்கு ‘டிஸ்லெக்ஸியா’ என்னும் வாசிப்புத் தடுமாற்றமும், ஓரிடத்தில் மனம் நிலைக்காத சுபாவமும் உண்டு. இரவு தோறும் அவனுக்குக் கிரேக்கக் கதைகளைச் சொல்லி வந்தார். கையிருப்புத் தீர்ந்ததும் புதிதாக ஒன்று கட்டிச் சொல்லும்படி பையன் கேட்டானாம். அப்படிப் பிறந்த பெர்ஸிக்கும் எழுத்துக்கள் கண் முன்னே மிதக்கின்றன. காரணம் என்னவென்றால், அவன் மூளை புராதன கிரேக்க பாஷைக்காக அமைந்ததாம். அவன் உட்கார முடியாமல் தவிப்பது யுத்த வீரனுடைய லட்சணமாம். ‘மண்டு’ என்று பெயர் வாங்கிக் கடைசிப் பெஞ்சியில் முகங் கவிழ்ந்திருக்கும் பிள்ளைகளோடு பழகிய நாம், இந்தக் கற்பனையை வெறும் விளையாட்டென்று தள்ள மாட்டோம்.

புராணத்தைக் கெடுத்து விட்டார்கள் என்று முணுமுணுக்கும் பண்டிதர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் கிரேக்கர்களே தங்கள் கதைகளை இஷ்டம் போல் மாற்றியவர்கள். கி.மு. 412-ல் அரங்கேறிய யூரிப்பிடிஸின் நாடகத்தில், ஹெலன் டிராய் நகரத்துக்கே போகவில்லை. போனது ஒரு மாயத் தோற்றம், உண்மையான ஹெலன் எகிப்தில் இருந்தாள்! தொட்டதெல்லாம் பொன்னாக வரம் பெற்ற மைடாஸ், தன் மகளையும் தொட்டுப் பொற்பாவையாக்கிய பரிதாபம் நமக்கெல்லாம் தெரியும். ரோமானியக் கவி ஆவிட் சொன்ன கதையில் அந்தப் பெண் கிடையாது. 19-ம் நூற்றாண்டின் மத்தியில், குழந்தைகளுக்காக ஹாதார்ன் என்ற அமெரிக்க ஆசிரியர் சேர்த்தது அது.

ஆகவே மாற்றுவது குற்றமன்று. மாற்றும்போது எதை மறைக்கிறார்கள், எதை வெளிக் கொணர்கிறார்கள் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். மெடூஸாவை எடுத்துக் கொள்வோம். கோயிலிலே கடல் தேவன் அவளைப் பலாத்காரம் செய்தான். அதற்காகத் தேவி அவள் கூந்தலைப் பாம்புகளாக்கினாள் என்கிறார் ஆவிட். 1856-ல் தம் குழந்தைகளுக்காக ‘தி ஹீரோஸ்’ எழுதிய சார்லஸ் கிங்ஸ்லி ஒரு பாதிரியார். அவர் தேவனுடைய பெயரையே எடுக்காமல், அவள் செருக்கினால் ஏதோ மகா பாபம் செய்தாள் என்று முடித்து விட்டார். பழி முழுவதும் அபலையின் தலையில் விழுந்தது. ரியார்டனுடைய முதல் நாவலிலும் அவள் அரக்கிதான். பெர்ஸி அவள் தலையைப் பெட்டியில் வைத்து ஒலிம்பஸுக்குப் பார்ஸல் அனுப்பி விடுகிறான். 2021-ல் ஜெஸ்ஸி பர்ட்டன் என்ற ஆங்கில எழுத்தாளர், இளம் வாசகர்களுக்கான தமது ‘மெடூஸா’வில், அந்தப் பெண்ணையே தன் கதையைச் சொல்ல வைத்தார். ஆவிட் எழுதி இரண்டாயிரம் வருஷத்துக்குப் பிறகு!

ரியார்டனும் தேவர்களை முற்றிலும் தப்ப விட்டவரல்லர். அவருடைய ஐந்து நாவல்களிலும் ஓடும் சச்சரவுக்கு வேர், பிள்ளைகளைப் பெற்றுவிட்டுத் திரும்பியும் பாராத தேவர்களின் அலட்சியமே. ஹெர்மிஸின் மகன் லூக், தகப்பன் மேல் கொண்ட மனத்தாங்கலால் எதிரிகளோடு சேர்கிறான். 2009-ல் வந்த ஐந்தாவது நூலில், யுத்தம் முடிந்தபின் ஜீயஸ் பெர்ஸிக்கு அமரத்துவம் அளிக்க முன் வருகிறான். பையன் அதை மறுத்து, ‘உங்கள் பிள்ளைகள் யாராயிருந்தாலும் பதின்மூன்று வயதுக்குள் அவர்களை உங்கள் பிள்ளைகளென்று ஒப்புக் கொள்ளுங்கள்’ என்று கேட்கிறான். மோட்டார் சைக்கிளும் சோடாவும் மறந்து போகலாம். இந்த வரம் மறக்காது.

அவர் பெயரால் நடக்கும் பிரசுர வரிசையில், 2018-ல் நம்முடைய பாரதக் கதையும் ஏறியிருக்கிறது. ரோஷணி சோக்ஷியின் ‘ஆரு ஷா’ நாவல்களில் பாண்டவர் ஐவரும் அமெரிக்காவில் பெண்களாகப் பிறக்கிறார்கள். இதைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

நமக்கு மனத்தாங்கல் உண்டாக்குவது பெர்ஸிஃபனியின் கதைதான். 2018-ல் இணையத்தில் தொடங்கிய ‘லோர் ஒலிம்பஸ்’ என்னும் சித்திரத் தொடரில் அவள் கல்லூரி மாணவி, பாதாளத்து அரசன் ஹேடீஸ் தனிமையில் வாடும் செல்வச் சீமான், இருவருக்கும் காதல். தாய் டிமீட்டர், மகளை வெளியே விடாத கண்டிப்புக்காரி. சித்திரங்கள் அழகாகவே இருக்கின்றன. ஆனால் ஏறக்குறைய 2,600 வருஷங்களுக்கு முற்பட்ட கிரேக்கத் துதிப் பாடல் வேறொன்று சொல்கிறது. பெண்ணின் சம்மதமின்றி, தகப்பன் ஜீயஸின் சம்மதத்தோடு, ஹேடீஸ் அவளைத் தேரில் தூக்கிப் போகிறான். அவள் அலறுகிறாள். தாய் ஒன்பது நாள் அன்னம் தண்ணீர் இல்லாமல், கையில் தீவட்டியுடன் பூமியெங்கும் தேடுகிறாள். பயிர்கள் முளைக்க மறுக்கின்றன. பஞ்சம் வந்த பிறகே ஜீயஸ் இறங்கி வருகிறான்.

திரும்பி வந்த மகளைக் கட்டிக் கொண்ட அந்தத் தாய், அணைத்த கை தளரு முன்பே கேட்பது, ‘அங்கே ஏதாவது சாப்பிட்டாயா, அம்மா?’ என்பதுதான். மாதுளை விதை ஒன்றை அவன் தன் வாயில் பலவந்தமாகத் திணித்ததைப் பெண் சொல்லுகிறாள். வருஷத்தில் மூன்றிலொரு பங்கு பாதாளத்திலே வாசம் என்று தீர்ந்து போகிறது.