அதே மேஜை, அதே வேலை. சம்பளம் மட்டும் வேறா?

காலை எட்டரை மணிக்கு ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தடியில் நின்று பாருங்கள். ஒன்றாம் நம்பர் பஸ்ஸுக்காகக் காத்திருப்பவர்களில்தான் எத்தனை பெண்கள்! அடுப்பங்கரை வேலையை முடித்து, டிபன் டப்பாவும் கையுமாகக் காவேரிப் பாலத்தைத் தாண்டிச் சத்திரத்திலும் மெயின்கார்டு கேட்டிலும் இறங்கி உத்தியோகத்துக்கு விரைகிறவர்கள்.

அவர்களில் ஒருத்திக்கு ஒரு நாள் தெரிய வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: பக்கத்து மேஜைக்காரருக்கு மாதம் நாலாயிரம் ரூபாய் அதிகமாம்! அவர் எழுதுவதும் அதே கணக்கு. சேர்ந்ததும் அதே வருஷம். மானேஜரைக் கேட்டால், "அவர் குடும்பஸ்தர் அம்மா!" என்கிறார். வீட்டில் சொன்னாலோ, "கோர்ட்டுக்குப் போய் இதையெல்லாம் ருசுப்பிக்க முடியுமா? பேசாமல் இரு" என்கிறார்கள்.

முடியுமா? முடியும், சகோதரிகளே! முடித்துக் காட்டியிருக்கிறார் ஒரு பெண்மணி.

ராஜகோபுரத்துக்குக் கும்பாபிஷேகம் நடந்த நாள் ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு மறக்காது. 1987 மார்ச் 25. அதற்கு மறுநாள், தில்லி சுப்ரீம் கோர்ட்டில் ஒரு தீர்ப்பு வெளியாயிற்று. பம்பாயில் மெக்கின்னன் மெக்கன்ஸி என்ற கப்பல் கம்பெனியில் சுருக்கெழுத்தாளராக இருந்த ஆட்ரி டி கோஸ்டா தொடர்ந்த வழக்கு அது. ஆண் ஸ்டெனோக்களுக்குக் கிடைத்த சம்பளம் தமக்குக் கிடைக்கவில்லை என்பது அவருடைய புகார். 1976-ல் வந்த சம ஊதியச் சட்டம்தான் அவர் கையிலிருந்த ஆயுதம்.

கம்பெனி சும்மா இருக்குமா? மூன்று சமாதானங்கள் சொல்லியது. "தொழிற்சங்கத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தப்படிதான் சம்பளம் கொடுத்தோம்" என்றது. "பெண் ஸ்டெனோக்கள் பெரிய அதிகாரிகளுக்கு அந்தரங்கக் காரியதரிசி மாதிரி, அந்த வேலையே வேறு" என்றது. கடைசியில், "கம்பெனிக்குக் கட்டுப்படியாகாது" என்றும் கையை விரித்தது.

முதலில் விசாரித்த அதிகாரி ஒப்பந்தத்தைக் காரணம் காட்டிப் புகாரைத் தள்ளிவிட்டார். ஆட்ரி மனம் தளரவில்லை. மேல் முறையீட்டில் ஜயித்தார். பம்பாய் ஹைகோர்ட்டிலும் ஜயித்தார். கடைசியாகச் சுப்ரீம் கோர்ட்டும் கம்பெனியின் வாதங்களை ஒதுக்கியது. தினமும் மேஜையில் உண்மையில் நடக்கிற வேலை என்ன என்று பார்க்க வேண்டும். சின்னச் சின்ன வித்தியாசங்களைப் பிடித்துக்கொண்டு தொங்கக் கூடாது. ஒப்பந்தம் சட்டத்தை மிஞ்சாது. பணமில்லை என்பது சாக்காகாது என்று சொல்லிவிட்டது. அவருக்கு வர வேண்டியிருந்த பாக்கி ஏழாயிரத்துச் சொச்சம் ரூபாய்தான். ஆனால் அந்தத் தீர்ப்பின் விலை அவ்வளவுதானா?

இதில் நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. முதலாளியின் மனத்தில் என்ன இருந்தது என்று ஆட்ரி நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. பெண்களை இளப்பமாக நினைத்தாரா, மதித்தாரா என்பது தெய்வத்துக்குத்தான் வெளிச்சம்! தராசின் ஒரு தட்டில் தம் வேலையையும் சம்பளத்தையும் வைத்தார். இன்னொரு தட்டில் ஓர் ஆணின் வேலையையும் சம்பளத்தையும் வைத்தார். வழக்கே அந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது.

ஆகவே ஒப்பிடும் ஆளைச் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். இருபது வருஷம் சர்வீஸ் போட்டவரையும் நேற்றுச் சேர்ந்தவரையும் ஒரே தராசில் வைத்தால் நிற்காது. அதிகத் திறமையும் பொறுப்பும் உண்மையிலேயே தேவைப்படும் வேலை என்றாலும் வழக்கு தோற்கும்.

சில சமயம் விதிப் புத்தகமே சாட்சியாகிவிடும். குடகில் பிறந்து, சென்னையில் படித்து, 1949-ல் வெளிநாட்டு சர்வீஸில் சேர்ந்த முதல் பெண்மணி சி. பி. முத்தம்மா. கல்யாணம் செய்துகொள்ளும் முன் பெண் அதிகாரி சர்க்காரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும் என்று அங்கே விதி இருந்தது. ஆண் அதிகாரிக்கோ அப்படி ஒன்றும் கிடையாது! பதவி உயர்வு மறுக்கப்பட்டதும் அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். வழக்கு நடக்கும்போதே உயர்வு கிடைத்துவிட்டது. ஆனாலும் 1979-ல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அந்த விதிகளைச் சாடி, அவருடைய சீனியாரிட்டியை மறுபரிசீலனை செய்யும்படி சர்க்காருக்குச் சொன்னார்.

சரி, நம் ஊர்ப் பெண் என்ன செய்யலாம்? வேலை உத்தரவு, சம்பளச் சீட்டு, இன்ன வேலை செய் என்று வந்த கடிதங்கள், குறுஞ்செய்திகள் எல்லாவற்றையும் தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள். மானேஜர் வாய்மொழியாகச் சொன்ன பதிலை அன்றைக்கே ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். சம்பள விவரத்தை எழுத்து மூலம் கேளுங்கள். பக்கத்து மேஜைக்காரரின் சம்பளக் கணக்கு உங்களிடம் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். முதலாளியின் பதிவேடுகளைக் கொண்டுவரச் சொல்லும் அதிகாரம் விசாரிப்பவருக்கு உண்டு. 2019-ல் நிறைவேறிய ஊதியச் சட்டத் தொகுப்பும் சம வேலைக்குச் சம ஊதியம் என்கிறது. காலம் கடத்தினால் உரிமை கைநழுவக் கூடும் என்பதையும் மறவாதீர்கள்.

தனியார் கம்பெனியில் வேலை என்றால் திருச்சித் தொழிலாளர் துறை அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். மாநில சர்க்கார் வேலையென்றால் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை இருக்கிறது. 2004-லிருந்து திருச்சி ஜில்லா அதன் எல்லைக்குள்தான். வக்கீல் பீஸுக்குப் பயப்படாதீர்கள். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்று 1987-ஆம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது. கோர்ட்டு வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை விசாரித்துப் போனால் போதும்.

நகைச் சீட்டையும் ரேஷன் கார்டையும் பத்திரமாக வைக்கிறீர்களே, அந்த அலமாரியில் உங்கள் உத்தியோகக் காகிதங்களுக்கும் இன்றைக்கே ஒரு உறை போட்டு வையுங்கள். நாளைக்கு உங்களுக்குத் தேவைப்படாவிட்டால் சந்தோஷம். உங்கள் பெண்ணுக்கு எப்படி வைப்பது என்றாவது தெரிந்திருக்கும்.