கைகொடுத்த பழைய ரயில் நிலையம்!

இறங்க வேண்டிய இடத்தில் ரயில் நிற்கிறது; ஆனால், உங்கள் பெட்டியின் கதவு மட்டும் திறக்கவில்லை. எப்படி இருக்கும்? அமெரிக்காவின் நியூயார்க் நகரில், 'சவுத் ஃபெர்ரி' சுரங்க ரயில் நிலையத்தில் பல ஆண்டுகள் இப்படித்தான் நடந்தது!

கடலோரத்தில் உள்ள இந்த நிலையம் திறக்கப்பட்டது 1905-ல். ரயில் சுற்றித் திரும்பிப் போக, தண்டவாளத்தை வளையமாக அமைத்தார்கள். அதனால் பிளாட்பாரமும் வில் போல வளைந்துவிட்டது. நீளமும் குறைவு. 10 பெட்டி ரயிலில் முதல் 5 பெட்டிகளின் கதவுகள் மட்டுமே திறக்கும். வளைவில் ரயில் நின்றால் நடுவே இடைவெளி விழுமே? அதை அடைக்க, பிளாட்பாரத்திலிருந்து இரும்புத் தட்டுகள் நீண்டு வரும்!

2009-ல், இதற்கு அடியில் வளைவு குறைந்த, நீளமான பிளாட்பாரத்துடன் புதிய நிலையம் கட்டினார்கள். செலவு 50 கோடி டாலருக்கும் மேல். பழையதை மூடிவிட்டார்கள்.

மூன்றே ஆண்டுகள்தான்! 2012 அக்டோபர் 29-ல் 'சாண்டி' புயல் தாக்கியது. கடல்நீர் படிக்கட்டு வழியாகப் பாய்ந்து, புதிய நிலையத்தை மூழ்கடித்தது. தண்ணீரை இறைத்துவிடலாம், ஆனால் உப்பு? அது மின்கம்பிகளையும் கருவிகளையும் அரித்துவிட்டது.

அப்போது கைகொடுத்தது எது தெரியுமா? இடிக்காமல் விட்டுவைத்த பழைய நிலையம்தான்! 2013 ஏப்ரலில் அதை மறுபடி திறந்தார்கள்.

புதிய நிலையத்தைச் சரிசெய்ய 2017 ஜூன் வரை ஆனது. இப்போது வாசல்களில் வெள்ளத் தடுப்புக் கதவுகள் உள்ளன. புயல் வந்தால் இழுத்து மூடிவிடலாம்.

நீங்களும் சுரங்க நிலையத்துக்குப் போனால் கவனியுங்கள்: மழைநீர் எந்த வழியாக உள்ளே வரும்? அதைத் தடுக்க என்ன செய்திருக்கிறார்கள்?