நெஞ்சில் ஆந்தை சுமந்த நீலச் சட்டை
யுனிவர்சிடாட் டி சிலி கால்பந்துக் கழகம், சாண்டியாகோ, சிலி

இந்தக் கழகம் தொடங்கிய ஆண்டு 1927. பல்கலைக்கழக மாணவர்களின் விளையாட்டுக் குழுக்கள் ஒன்றுகூடி உருவாக்கியது. ஞானத்தின் அடையாளமான ஆந்தை அங்கிருந்துதான் வந்தது. ரசிகர்கள் அதை 'சுஞ்சோ' என்பார்கள். சிலியின் காடுகளில் வாழும் சிறிய ஆந்தையின் பெயர் அது.

கத்தோலிக்கப் பல்கலைக்கழக அணியுடன் மோதும் ஆட்டத்துக்கு 'கிளாசிகோ யுனிவர்சிடாரியோ' என்று பெயர். 1940, 50களில் பந்து உருள்வதற்கு முன்பே மைதானம் அரங்கமாகிவிடும். இரு தரப்பு மாணவர்களும் நாடகம், பாட்டு, அணிவகுப்பு என்று போட்டி போட்டார்கள். கால்பந்தில் ஈடுபாடில்லாதவர்களும் இதற்காகவே வந்திருப்பார்கள் என்று தோன்றுகிறது.

பிறகு, அணி 'நீல பாலே' என்று அழைக்கப்பட்ட காலம். 1959 முதல் 1969 வரை ஆறு தேசியப் பட்டங்கள். அந்த அணியின் லியோனல் சான்செஸ், 1962 உலகக் கோப்பையில் நான்கு கோல் அடித்து, அதிக கோல் அடித்தவர்களில் ஒருவரானார்.

1980 வாக்கில் பல்கலைக்கழகத்திடமிருந்து கழகம் தனியே பிரிந்தது. பெயரும் ஆந்தையும் மட்டும் கூடவே வந்தன. 1988 பருவத்தின் முடிவில் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. 1969க்குப் பிறகு அடுத்த தேசியப் பட்டம் 1994இல்தான், 25 ஆண்டுகள் கழித்து. இளம் மார்செலோ சலாஸ் அந்த அணியில் ஆடினார்.

2011இல் ஹோர்ஹே சம்பாவோலியின் பயிற்சியில் கோபா சுடமெரிகானா கோப்பை கிடைத்தது. கழகத்தின் முதல் சர்வதேசப் பட்டம் அது. இறுதியாட்டத்தில் எதிரணி ஈக்வடாரின் எல்.டி.யு. கீட்டோ, அதுவும் பல்கலைக்கழகத்தில் பிறந்ததே! கீட்டோவில் 1-0, சாண்டியாகோவில் 3-0. நான்கு கோல்களில் மூன்று எடுவார்டோ வர்காஸ் அடித்தவை.