மூளைக்குள் இரத்தக்கசிவு: உப்பளக் கரையில் வாழ்வோர் அறிய வேண்டியவை

மரக்காணம் உப்பளங்களில் பொழுது விடியுமுன்பே வேலை தொடங்கிவிடுகிறது. வெயில் ஏறுமுன் பாத்திகளில் விளைந்த உப்பை வாரிக் கரையேற்றியாக வேண்டும். அந்த அவசரத்தில் இரத்த அழுத்த மாத்திரை மறந்துபோகிறது. நாளடைவில் மறதியே வழக்கமாகிவிடுகிறது. “தலைவலி இல்லை, மயக்கம் இல்லை, பிறகு மாத்திரை எதற்கு?” என்று கேட்போரை எங்கள் புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி காண்கிறோம். அவர்களுள் சிலரைப் பின்னர் தீவிர சிகிச்சைப் பிரிவில் காண நேர்வதே எங்களை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

இரத்தக்கசிவு என்பது என்ன?

பக்கவாதம் இருவகைப்படும். மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவது ஒன்று. குழாய் வெடித்து இரத்தம் கசிவது மற்றொன்று. மண்டையோடு விரிந்து கொடுக்காத பெட்டி. உள்ளே கசிந்த இரத்தம் வெளியேற வழியின்றி மூளையை அழுத்துகிறது. முதல் சில மணி நேரத்தில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குக் கசிவு மேலும் பெருகுகிறது. எனவேதான் விரைவை இவ்வளவு வலியுறுத்துகிறோம்.

காரணங்கள்

முதன்மையான காரணம் உயர் இரத்த அழுத்தம். பல ஆண்டுகள் நீடிக்கும் அழுத்தம் மூளையின் ஆழத்திலுள்ள மெல்லிய நாளங்களின் சுவரை நலிவுறச் செய்து, ஒருநாள் உடைத்துவிடுகிறது. அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று மூளை இரத்தக்கசிவால் இறந்தார். அவர் மயங்கி விழுந்த பின் அளவிடப்பட்ட அழுத்தம் 300/190. நாட்டின் தலைவருக்கே அன்று பயனுள்ள மருந்து கிடைக்கவில்லை. இன்று அத்தகைய மருந்துகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ் வீட்டுக்கே வருகின்றன.

முதியோருக்கு நாளச் சுவரில் படியும் ஒருவகைப் புரதமும், பிறருக்கு நாளங்களில் தோன்றும் பலூன் போன்ற வீக்கமும், பிறவியிலேயே பின்னிக் கிடக்கும் நாளங்களும் கசிவை உண்டாக்கலாம். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்போர், கல்லீரல் பழுதுற்றோர், புகைப்போர், மிகுதியாக மது அருந்துவோர் ஆகியோருக்கு ஆபத்து கூடுதல். கிழக்குக் கடற்கரைச் சாலையில் தலைக்கவசமின்றி வண்டியோட்டி விழுவோரையும் மறக்க இயலாது. முதியவர் இலேசாகத் தலையில் அடிபட்டுச் சில வாரங்கள் கழித்துக் குழப்பமாகப் பேசினால், மூளை உறைக்கு அடியில் இரத்தம் தேங்கியிருக்கக்கூடும்.

2023 மே மாதம் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் நேர்ந்த கள்ளச்சாராயத் துயரத்தை இப்பகுதியினர் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய சாராயத்தில் கலக்கும் மெத்தனால் கண்ணொளியைப் பறிப்பதோடு, மூளையின் உட்பகுதியைச் சிதைத்து அங்கே இரத்தக்கசிவையும் உண்டாக்க வல்லது.

குழந்தை பெற்ற சில வாரங்களுக்குள் தாய்க்கு விடாத தலைவலியோ வலிப்போ வந்தால் உடனே அழைத்து வாருங்கள். மூளையின் சிரையில் இரத்தம் உறைந்து, அதன் பின்விளைவாகக் கசிவு ஏற்படலாம். பிரசவமான பெண்ணுக்குத் தண்ணீரைக் குறைக்கும் வழக்கம் இவ்வாபத்தை மிகுவிக்கும்.

உப்பும் வியர்வையும்

“வெயிலில் வியர்க்கிறது, ஆகவே உப்பைக் கூட்டிச் சாப்பிடுகிறோம்” என்று உப்பளத் தொழிலாளர் பலர் எங்களிடம் கூறுவர். வியர்வையில் உப்பு வெளியேறுவது உண்மையே. ஆயினும் கருவாடு, ஊறுகாய், அப்பளம், உப்பிட்ட கஞ்சி ஆகியவை சேர்ந்த அன்றாட உணவில் உப்புக்குக் குறைவில்லை. நாளொன்றுக்கு 5 கிராமுக்குள், அதாவது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டிக்குள், உப்பு இருக்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. வெயிலில் உழைப்போர் முதலில் தேட வேண்டியது தண்ணீரும் நிழலுமே. அழுத்தத்துக்கான மாத்திரைகளுள் சில சிறுநீரைப் பெருக்குபவை. ஆகவே உங்கள் தொழிலை மருத்துவரிடம் கூறுங்கள். அதற்கேற்ப மருந்தை மாற்றித் தர இயலும்.

அறிகுறிகளும் முதல் ஒரு மணி நேரமும்

திடீரென ஒரு பக்கக் கைகால் தளர்தல், வாய் கோணுதல், பேச்சுக் குழறுதல், வாழ்நாளில் கண்டிராத கடுந்தலைவலி, வாந்தி, நடை தள்ளாடுதல், நினைவு தப்புதல் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் 108-ஐ அழையுங்கள். மரக்காணத்திலிருந்து புதுச்சேரியும் திண்டிவனமும் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகச் செல்வது நலம்.

• நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.
• தண்ணீரோ உணவோ மாத்திரையோ வாயில் தராதீர்கள். புரையேறி நுரையீரலுக்குள் செல்லும்.
• ஆஸ்பிரின் தரவே கூடாது. அடைப்பா கசிவா என்பதை ஸ்கேன் மட்டுமே பிரித்துக் காட்டும். கசிவுக்கு அம்மருந்து கேடு.
• கைபேசியில் வலம்வரும் செய்தியை நம்பி விரல் நுனியில் ஊசியால் குத்தி நேரத்தை வீணாக்காதீர்கள்.
• அவர் கடைசியாக நலமாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, உண்டுவரும் மாத்திரைகளையும் எடுத்து வாருங்கள்.

மருத்துவமனையில் நாங்கள் செய்வது

முதலில் மூச்சைக் காப்போம். பின்னர் அழுத்தத்தை மெல்லவும் சீராகவும் குறைப்போம். பெரும்பாலோருக்கு மேல் அளவு 140-ஐ ஒட்டி இருக்குமாறு முயல்வோம். உறைவைத் தடுக்கும் மருந்து உண்டவர்களுக்கு அதன் விளைவை முறிக்கும் மருந்து தருவோம். மூளை வீக்கம் தணிய மானிட்டால் அல்லது அடர் உப்புக் கரைசலைச் சிரைவழி செலுத்துவதுண்டு.

“உடனே அறுவை செய்து இரத்தத்தை எடுத்துவிடலாகாதா?” என்று குடும்பத்தினர் கேட்பது இயல்பு. ஆழத்தில் உள்ள கசிவை எடுக்க முயன்றால் நலமான மூளையும் புண்படும். ஆகவே பலருக்கு மருந்தும் கண்காணிப்புமே சிகிச்சை. சிறுமூளையில் பெரிய கசிவு இருந்தாலோ, மூளைநீர் தேங்கினாலோ, உறைக்கு அடியில் இரத்தம் சேர்ந்து அழுத்தினாலோ அறுவை உயிர்காக்கும். நாள வீக்கம் வெடித்திருந்தால் அதைக் கிளிப் இட்டோ, உள்ளிருந்தே கம்பிச் சுருள் வைத்தோ அடைப்போம்.

வீடு திரும்பிய பின்

விழுங்கும் திறனைச் சோதித்த பின்னரே உணவு தரவேண்டும். இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப்புண் வராது. இயன்முறைப் பயிற்சியைத் தொடருங்கள். முதல் சில மாதங்களில்தான் மீட்சி மிகுதி. எனினும் அதன் பின்னரும் முன்னேற்றம் உண்டு. நோயாளி காரணமின்றி அழுவதும் சினப்பதும் நோயின் விளைவே, பொறுமையோடு ஏற்றுக்கொள்ளுங்கள். கவனிப்போரும் முறைவைத்து உறங்குங்கள்.

உயர் அழுத்தம் வலிக்காது. அதனை அளந்துதான் அறியவேண்டும். இந்த வாரமே வீட்டிலுள்ள பெரியவர்கள் அனைவரின் இரத்த அழுத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாத்திரை உண்டு அழுத்தம் சீரானால், அது மாத்திரையின் பயன் என அறிந்து தொடருங்கள். எங்களைக் கேளாமல் நிறுத்திவிடாதீர்கள்.