டர்போ பொருத்திய டீசல் எஞ்சினும் காற்றமுக்கமும்

பெரும்போக அறுவடைக் காலத்தில் அறுவடை இயந்திரம் வயல் நடுவே பழுதுற்று நின்றுவிடின், முற்றிய நெல் மழைக்கு இரையாகும். இத்தகைய இயந்திரங்கள் பலவற்றிலும், பெரிய உழவு இயந்திரங்கள் சிலவற்றிலும் டர்போ என்னும் கருவி பொருத்தப்பட்டுள்ளது. அதனைப் பேணும் முறையைக் கமக்காரர் அறிந்திருத்தல் நன்று.

எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சில்லைச் சுழற்றுகின்றது. அதே அச்சில் இணைந்த மற்றொரு சில்லு வெளிக்காற்றை இழுத்து அமுக்கி, உருளைகளுக்குள் செலுத்துகின்றது. காற்று மிகுவதால் கூடிய எரிபொருளை எரித்துக் கூடிய வலுவைப் பெற முடிகின்றது. கடல்மட்டத்தில் வளிமண்டல அமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 14.7 இறாத்தலாகும். இதற்கு மேலாக டர்போ சேர்க்கும் அமுக்கமே ‘பூஸ்ற்’ எனப்படும்.

வலுப் போதாதெனக் கருதிச் சிலர், அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் பாகத்தையும் எரிபொருட் பம்பியின் திருகாணியையும் மாற்றியமைக்கின்றனர். இஃது ஆபத்தான செயலாகும். உருளையினுள் அமுக்கமும் வெப்பமும் எல்லை மீறின், பிஸ்டன் உருகவும் டர்போவின் அச்சு முறியவும் இடமுண்டு. இயந்திரக் கைநூலிற் குறிக்கப்பட்ட அளவை ஒருபோதும் மாற்றுதலாகாது.

முன்னர் நன்கு உழைத்த எஞ்சின் வலுக் குன்றிக் கரும்புகை கக்குமாயின், முதலிற் காற்று வரும் வழியைச் சோதித்தல் வேண்டும். பதரும் தூசியும் காற்று வடிகட்டியை அடைத்திருக்கலாம். இறப்பர்க் குழாய் வெடித்தோ அதன் பட்டி தளர்ந்தோ காற்றுக் கசியலாம். இக்குறைகளை நீக்கினால் இழந்த வலு பெரும்பாலும் மீளும். வடிகட்டியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டுதல் கூடாது. உட்புகும் தூசி சில்லின் இதழ்களையும் உருளைகளையும் தேய்த்துவிடும்.

டர்போவின் அச்சு நிமிடத்துக்கு ஓர் இலட்சம் தடவைக்கு மேலாகவும் சுழலக்கூடியது. அதனைத் தாங்குவது மெல்லிய ஒயிற் படலமே. ஆதலால் எஞ்சினை இயக்கியதும், ஒயில் அச்சைச் சென்றடையும் வரை சிறிது நேரம் மெதுவாக ஓடவிடுக. கடும் வேலை முடிந்தபின் உடனே நிறுத்தாது, சுமையின்றி மூன்று நிமிடமளவில் மெதுவாக ஓடவிட்டு நிறுத்துக. உடனே நிறுத்தினால், சூடேறிய அச்சில் தேங்கும் ஒயில் கருகிக் கரியாகப் படியும்.

நீலப் புகை தோன்றின் ஒயில் கசிந்து எரிகின்றதென அறிக. கசியும் ஒயில் காற்றுக் குழாயினுள் மிகுதியாகப் புகுமாயின், எரிபொருளை அடைத்த பின்னரும் எஞ்சின் கட்டுக்கடங்காது ஓடக்கூடும். ஆகையால் வேலையைத் தொடராது, தேர்ந்த பொறிவினைஞரிடம் காட்டுதல் வேண்டும்.

குறித்த அமுக்கத்தை மாற்றாது, வடிகட்டியையும் ஒயிலையும் ஒழுங்காகக் கவனித்து வரும் கமக்காரரின் இயந்திரம் போகந்தோறும் தவறாது உழைக்கும்.