நீதியும் ஜனங்களும் - 7: ஊரின் மனத்தை அளத்தல்

செங்கலடிச் சந்தியில் பதுளை வீதியை விட்டுத் திருகோணமலை வீதியிலே வடக்கே சென்று, பின்பு பொலன்னறுவைப் பாதையில் திரும்புகிறவர் புணானையை அடைவர். அதனை அடுத்த மயிலந்தனை என்னும் சிற்றூரில், 1992 ஆகஸ்ட் 9ஆந் திகதி 35 தமிழ்க் குடிமக்கள் கொல்லப்பட்டனர். அவ்வழக்கு மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவைக்கும், பின்னர் கொழும்புக்கும் மாற்றப்பட்டு, பத்தாண்டுகள் கழிந்தபின், 2002 நவம்பரிலே, சிங்களமொழி ஜூரிமார் எதிரிகளான இராணுவத்தினரைக் குற்றவாளிகள் அல்லர் என்று தீர்த்ததோடு முடிவெய்தியது. திருகோணமலை மாவட்டத்துக் குமாரபுரத்தில் 1996இல் நிகழ்ந்த கொலைகளின் வழக்கும் அநுராதபுரத்துக்கு மாற்றப்பட்டு, 2016 ஜூலையில் ஜூரிமாரின் தீர்ப்பால் அவ்வாறே முடிந்தது.

1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டப்படி ஜூரி சபையில் எழுவர் இருப்பர். அவருள் ஐவரேனும் ஒருமித்தால் தீர்ப்பு நிலைபெறும். எம்மொழியினரின் பட்டியலிலிருந்து அவர்கள் தெரியப்பட வேண்டும் என்று சொல்லும் உரிமை எதிரிக்கு உண்டு. இவ்வளவு நுட்பமாக மொழியை விசாரிக்கும் சட்டம், வழக்கு சென்று சேரும் ஊரார் அதைப்பற்றி ஏற்கெனவே கொண்டிருக்கும் அபிப்பிராயம் யாது என்பதை விசாரிக்கும்படி எவரையும் பணிக்கவில்லை என்பதே எனது கவலை.

அவ்விசாரணை இயலாத காரியமன்று. 1972இல் அமெரிக்காவின் ஹாரிஸ்பர்க் நகரில், வியட்நாம் யுத்தத்தை எதிர்த்த கத்தோலிக்கக் குருமார் முதலிய எழுவர்மீது சதிவழக்கு நடந்தபோது, ஜே ஷுல்மன் முதலிய சமூகவியல் அறிஞர், எதிரிகளின் பக்கம் நின்று, அவ்வட்டார வாசிகள் 840 பேரைத் தொலைபேசியில் வினவினர். கல்வி மிகுந்தோர் எதிரிகளிடம் இரக்கம் காட்டுவர் என்று அவர்கள் எண்ணியிருந்தது அவ்வூரில் பொய்த்தது. வினவியிராவிடின் தங்களுக்குப் பாதகமானவர்களையே விரும்பித் தெரிந்திருப்பார்கள். முடிவிலே பிரதான குற்றச்சாட்டில் பன்னிருவருள் பதின்மர் விடுதலைக்கு இசைய, இருவர் மறுக்க, ஜூரி ஒருமிக்காமலே கலைந்தது. அதன்பின் அந்நாட்டில், வழக்கை வேற்றூருக்கு மாற்றக் கோருவோர் இத்தகைய கணிப்புகளை நியாயஸ்தலத்தில் சான்றாகச் சமர்ப்பிப்பது வழக்கமாயிற்று.

கற்றவன் இப்படித்தான் நினைப்பான் என்ற ஊகம் அங்கே பிழைத்தது போலவே, இன்ன மொழி பேசுகிறவன் இப்படித்தான் தீர்ப்பான் என்ற ஊகமும் இங்கே பிழைக்கக்கூடும், பிழைக்காமலும் போகக்கூடும், கேட்டறியாதவரையில் சந்தேகம் ஒன்றே எஞ்சும், அச்சந்தேகத்தின் பாரத்தைச் சுமப்பவர் உறவினரைப் பறிகொடுத்தவரே ஆவர். பணமுள்ள கட்சிக்காரர் மாத்திரம் இக்கணிப்பை நடத்தினால், அது தமக்கு வேண்டியவரைப் பொறுக்கும் தந்திரமாய்த் தாழ்ந்துவிடும். ஆதலால் நியாயஸ்தலமே அதனைப் பணித்து, பெயர்களைச் சீட்டுக் குலுக்கி எடுப்பித்து, விடையைத் தூண்டாத கேள்விகளை இரு தரப்பாரின் சம்மதத்தோடு வகுத்து, வழக்கு எழுந்த ஊரிலும் அது செல்லவிருக்கும் ஊரிலும் ஒருசேரக் கேட்பித்தல் வேண்டும்.

எதிரியின் பாதுகாப்புக்காக ஒரு வழக்கு இடம் மாறுவது நியாயமாகலாம். ஆனால் மாறும் இடத்தில் சாட்சியின் சொல்லைத் திறந்த மனத்தோடு கேட்பவர் எழுவரேனும் கிடைப்பர் என்ற உறுதியை, மயிலந்தனை போன்ற ஊர்களிலிருந்து புறப்படும் சாட்சிக்கு, அவர் பஸ் ஏறுமுன்னரே அரசு அளித்தல் வேண்டும்.

(தொடரும்)